அந்தப் பெட்டியை மூடுவது என் வேலை

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்யும் ஒரு கம்பெனியில் பதினோரு வருடம் லேபிள் அடிக்கும் வேலை பார்த்தேன். வெளுத்து, வெட்டி, சுருட்டி, உறையில் போட்டு வரும் ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு லேபிள் ஒட்ட வேண்டும். எந்த மாதம் செய்தது, எந்த மாதம் வரை பயன்படுத்தலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். லேபிள் இல்லாத கட்டை எந்த ஆஸ்பத்திரியும் கையால் தொடாது. பேக்கிங் ஹாலின் ஓரத்தில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர், அதோடு ஒரு பழைய லேபிள் பிரிண்டர். அங்கேதான் என் நாற்காலி.

பிரிண்டரைப் பழுது பார்க்க மதுரையிலிருந்து வந்தவர் ஒருமுறை எச்சரித்துவிட்டுப் போனார். "இது இப்ப இருக்கிற சிஸ்டத்துல மட்டும்தான் ஓடும். புதுசுக்கு மாத்திராதீங்க. மாத்துனா அம்புட்டுதான்."

கொஞ்ச நாளிலேயே அந்த அறிவிப்பு வர ஆரம்பித்தது. கம்ப்யூட்டரைத் திறந்ததும் திரையின் நடுவில் ஒரு பெட்டி. புதிய பதிப்பு தயாராக இருக்கிறது, இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்கும். காலையில் ஒரு தடவை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை, சில நாள் லேபிள் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு தடவை. வலது மூலையில் இருந்த சின்னப் பெருக்கல் குறியை அழுத்தினால் போய்விடும். நடுவில் இருந்த நீலப் பொத்தானில் தப்பித்தவறி விரல் பட்டால் தொலைந்தது.

ஹாலில் வேலை பார்த்த இருபது பெண்களிடமும் சொல்லி வைத்திருந்தேன், அந்தப் பெட்டியை யாரும் தொடக் கூடாதென்று. நான் டீ குடிக்கப் போன நேரத்தில் அது வந்துவிட்டால் வாசல் வரை வந்து கத்துவார்கள்.

"அக்கா, வந்துருச்சு! ஓடியாங்க!"

நான் ஓட மாட்டேன். டம்ளரை வைத்துவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நடந்து வருவேன். எல்லாரும் விலகி நிற்பார்கள். மௌஸை மூலைக்குக் கொண்டுபோய் ஒரு அழுத்து. "போயிருச்சா?" என்பார்கள். "போயிருச்சு" என்பேன். முதலாளி வெளியூரில் இருக்கும் நாட்களில் போன் செய்து, "ஏம்மா, பொட்டி வந்துச்சா? மூடிட்டீங்களா?" என்று கேட்பார். பத்தாவதைப் பாதியில் விட்டுவிட்டுக் கல்யாணம் பண்ணிக்கொண்டவள் நான். ஒரு முழு கம்பெனியும் என் ஒரு விரலுக்காகக் காத்து நிற்பது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை இப்போது எழுதும்போது கூச்சமாக இருக்கிறது.

அப்புறம் அவள் வந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வன்னியம்பட்டிக்காரி, முப்பது வயது இருக்கும். வெளியூர் ஆர்டர்களுக்குக் கடிதம் அனுப்ப ஆள் வேண்டும் என்று எடுத்தார்கள். என் மேஜைக்கு அடுத்த மேஜை. என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டாள். நானும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள் என்பதால் சில நாள் சேர்ந்தே வந்தோம். முதல் இரண்டு வாரம் எனக்கு அவள் மேல் ஒரு குறையும் இல்லை.

மூன்றாவது வாரம், அவள் பக்கத்தில் நிற்கும்போது பெட்டி வந்தது. வழக்கம் போல மூடினேன். அவள் கேட்டாள்.

"இதை ஏன்க்கா தெனமும் மூடிக்கிட்டு இருக்கீய? வராமயே பண்ணிரலாமே."

"அதெல்லாம் முடியாது. மதுரையில இருந்து வந்தவரே ஒண்ணும் சொல்லல."

"செத்த நேரம் எந்திரிங்க, பாப்போம்."

என் நாற்காலியில் உட்கார்ந்தாள். எதையோ தட்டினாள். நான் ஒருபோதும் பார்த்திராத நீண்ட பட்டியல் ஒன்று திறந்தது, ஒரு கோப்புக்குள் இன்னொரு கோப்பு, அதற்குள் இன்னொன்று என்று. உள்ளே உள்ளே போய், புதிதாக ஒரு வரி சேர்த்தாள். அந்த வரிக்கு எதிரே ஒன்று என்று எண் போட்டாள். செய்ததையெல்லாம் ஒரு சின்ன நோட்டில் வரிசையாக எழுதிக்கொண்டாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். பெட்டி வரவில்லை. மதியம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

எல்லாம் பத்து நிமிடம். பார்த்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, "அட, இம்புட்டுதானா?" என்றாள். அந்த வார்த்தை எனக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. முதலாளி சிரித்துக்கொண்டே வந்து, "இத்தன வருசம் சும்மா மூடிக்கிட்டே இருந்திருக்கோம்" என்றார். இனிமேல் கம்ப்யூட்டரில் எதுவென்றாலும் இந்தப் பொண்ணிடம் கேளுங்கள் என்று ஹாலில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

வீட்டில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புக்கடை. "தொல்லை விட்டுச்சுல்ல? பொறவு எதுக்கு மொகத்தத் தூக்கி வச்சிருக்கே?" என்றார். தட்டை அவர் முன்னால் டங்கென்று வைத்தேன்.

அன்றிலிருந்து டீக்கடை பெஞ்சில் நான் ஐந்து நிமிடம் கூடுதலாக உட்கார்ந்திருந்தேன். யாராவது கூப்பிட வருவார்களா என்று ஹால் வாசலையே பார்ப்பேன். யாரும் வரவில்லை. அவளிடம் இருந்த எல்லாமும் எனக்குப் பிடிக்காமல் போனது. கீழே பார்க்காமல் தட்டும் விரல்கள். எண்ணெய் வைக்காத தலை. தோளில் மாட்டிய கறுப்புப் பை. அவள் எழுதிய ஒரு கடிதத்தில் ஊர்ப் பெயர் தப்பாக இருந்ததைக் கண்டுபிடித்த நாளில் எனக்குச் சோறு ருசித்தது. பஸ்ஸில் அவள் எனக்கு இடம் போட்டு வைத்திருந்தால் பார்க்காதது போல முன்னால் போய் நிற்பேன்.

ஒரு வியாழக்கிழமை மதியம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் கொண்டு வந்த எலுமிச்சம் சோற்றை நாற்காலியிலேயே அவசரமாகத் தின்றேன். அவள் மேஜையில் அந்த நோட்டு கிடந்தது. எடுத்தேன். தமிழும் ஆங்கிலமும் கலந்து, பள்ளிக்கூடப் பிள்ளைக்கு எழுதியது போலத் தெளிவாக எழுதியிருந்தாள். அவள் எழுத்து அழகாக இருந்ததற்கும் எனக்கு ஆத்திரம் வந்தது. ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்து அந்தப் பட்டியலைத் திறந்தேன். அவள் சேர்த்த வரி கிடைத்தது. ஒன்றை அழித்துவிட்டுப் பூஜ்யம் போட்டேன்.

பெரிதாக ஒன்றும் ஆகாது என்றுதான் நினைத்தேன். பெட்டி வரும், என்னைக் கூப்பிடுவார்கள், நான் மூடுவேன். அவள் செய்தது நாலு நாள் கூட நிற்கவில்லை என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

திங்கட்கிழமை அந்தப் பெட்டி வந்தது. நான் டீக்கடையில் இருந்தேன். ஹால் வாசலில் சத்தம் கேட்டதும் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன். ஆனால் அவர்கள் கூப்பிட்டது அவளை. அவள் மாடியில் முதலாளியோடு பேசிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்த பிறகுதான் ஒருத்தி என் பக்கம் திரும்பி, "அப்ப நீங்களாவது வாங்கக்கா" என்றாள்.

அந்த 'ஆவது' காதில் ஒலிக்க நடந்து போனேன். பெட்டி பழைய பெட்டி மாதிரி இல்லை. எழுத்துகள் அதிகம் இருந்தன, நடுவில் ஏதோ தேதியும் நேரமும் இருந்தது. படிக்க எனக்குப் பொறுமை இல்லை. மூலையில் பெருக்கல் குறி இருந்தது. அழுத்தினேன். போய்விட்டது.

"போயிருச்சு" என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

மறுநாள் காலையில் வந்து பார்த்தால் திரையே வேறு ஊர் போல இருந்தது. நிறம் வேறு, பொத்தான்கள் வேறு. முந்தின நாள் வந்த பெட்டி, மாற்றம் நடக்கப்போகும் நேரத்தைக் குறித்துச் சொல்ல வந்தது. மூடினால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும். வேண்டாம் என்றால் கீழே சின்ன எழுத்தில் இருந்த ஒரு வரியை அழுத்தியிருக்க வேண்டும். நான் மூடியிருந்தேன். கம்ப்யூட்டர் தன் போக்கில் மாறிவிட்டது. பிரிண்டரில் பச்சை விளக்கு எரிந்தது, ஆனால் ஒரு லேபிள் கூட வரவில்லை.

இருபது பெண்களும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். வெளியே லாரி நின்றது. முதலாளிக்குக் கோபம் வந்தால் தெலுங்குக்குப் போய்விடுவார். போனில் யாரிடமோ தெலுங்கில் கத்திவிட்டு, தமிழுக்கு வந்து அவளைப் பிடித்தார்.

"நீ என்னத்தையோ நோண்டி வச்சே, இப்ப பாரு! தெரியாத வேலைய ஏன் தொட்டே?"

நான் அவருக்கு இரண்டடி பின்னால் நின்றேன். வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

"மதியம் வரைக்கும் டைம் குடுங்க சார், நான் பாக்கேன்" என்றாள் அவள். முகம் சிவந்திருந்தது.

பழைய பதிப்புக்கே திரும்பிப் போக ஒரு வழி இருந்திருக்கிறது. அதைத் தேடிப் பிடித்து, மூன்று மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். மதியச் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்கவில்லை. பிரிண்டர் முதல் லேபிளைத் துப்பியபோது ஹாலில் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பட்டியலைத் திறந்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"தானா மாறியிருந்தா இந்த வரியே இருக்காது" என்று திரையைப் பார்த்தே மெதுவாகச் சொன்னாள். "சைபர்னு போட்டிருக்கு."

நோட்டை எடுத்துப் புரட்டினாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். முதலாளி வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"தெரியல சார். சரியாயிருச்சு."

"சரி, இனிமே இதுல நீ கை வைக்க வேணாம். அந்தம்மாவே பாக்கட்டும்" என்று என்னைக் காட்டிவிட்டுப் போனார்.

நான் கேட்டது எல்லாம் எனக்குக் கிடைத்துவிட்டது. சந்தோஷம் மட்டும் வரவில்லை. என்னைக் காட்டிக் கொடுக்காமல் விட்டாளே, அதுதான் இப்போது என்னைத் தின்றது. கம்ப்யூட்டரும் தெரிகிறது, மனசும் பெரிசாக இருக்கிறது, அப்புறம் எனக்கென்று என்ன மிச்சம் என்று நினைத்தேன். அவளுடைய திறமை மேல் பட்ட பொறாமையை விட அவளுடைய மௌனத்தின் மேல் பட்ட பொறாமை பெரிதாக இருந்தது.

பத்து நாள் கழித்து ஒரு புரட்டாசி சனிக்கிழமை. சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கும் திருவண்ணாமலை என்ற மலைக்கோயிலில் பெருமாளைப் பார்க்கப் போகிற கூட்டம், துளசி மாலையும் பிள்ளைகளுமாக. உள்ளே தள்ளிக்கொண்டு போனதில் அவளும் நானும் ஒரே கம்பியைப் பிடித்து, முகத்துக்கு முகம் நின்றோம். விலகிப் போக இடம் இல்லை.

"அதை மாத்துனது நான்தான்" என்றேன்.

"தெரியும்க்கா. நோட்டுல மஞ்சக் கறை இருந்துச்சு. அன்னைக்கு நீங்க எலுமிச்சம் சோறு."

"பொறவு ஏன் சொல்லல?"

"சொன்னா நம்புவாவளா? நான் வந்து ரெண்டு மாசம், நீங்க பதினோரு வருசம். புதுசா வந்தவ பழைய ஆள் மேல பழி போடுதான்னு ஆகும். எனக்கு இந்த வேலை வேணும்க்கா."

நான் பெரிய மனசு என்று நினைத்துப் பொறாமைப்பட்டது வெறும் பயம். அந்தப் பயத்தைக் கொடுத்தவள் நான். பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியது. அவள் நேராகக் கேட்டாள்.

"நான் உங்களுக்கு என்ன செஞ்சேன்?"

யோசித்துப் பார்த்தேன். சொல்ல வேறு ஒன்றும் இல்லை. "பெட்டி வரலைன்னதும் என்னைய யாரும் கூப்பிடல" என்றேன்.

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை முதலாளி அறைக்குப் போனேன். அவளையும் கூப்பிடச் சொன்னேன். பூஜ்யம் போட்டது நான், மறுபடி வந்த பெட்டியைப் படிக்காமல் மூடியதும் நான் என்று சொன்னேன். அவர் இந்தத் தடவை தெலுங்கில் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

வேலையை விட்டு அனுப்பவில்லை. உறைகள் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் மேஜைக்கு மாற்றினார். என் நாற்காலி அவளுக்குப் போனது. புது மேஜையிலிருந்து நிமிர்ந்தால் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் முதுகு தெரியும். ஒரு உறையை எடுத்து, ஓரத்தை விரலால் நீவி, கீழே வைத்துவிட்டு நிமிர்வேன். முதுகு. அடுத்த உறை. மறுபடி முதுகு. உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்பார்கள். எனக்கு அப்படி ஆகவில்லை. செய்தது தப்பு என்று தெரிந்தது, பொறாமையும் அது பாட்டுக்கு இருந்தது.

ஒரு மாதத்துக்கு மேல் அவள் என்னிடம் பேசவில்லை. ஹாலில் விஷயம் தெரிந்த பெண்களும் என்னோடு சேர்ந்து உட்காரத் தயங்கினார்கள். நாங்கள் சாப்பிடும் ஷெட்டின் கடைசி பெஞ்சில் தனியாகச் சாப்பிடப் பழகினேன்.

ஒரு மழை நாளில் ஷெட்டில் பாதி இடம் நனைந்து, உட்கார இடம் குறைவாக இருந்தது. அவள் தூக்குச்சட்டியோடு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். மூடியைத் திறந்தாள். நான் என் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏன்க்கா வெறுஞ்சோத்தப் பெசஞ்சுக்கிட்டு இருக்கீய?"

காலையில் குழம்பு வைக்க நேரமில்லை என்றேன். பிறகு, கேட்காமலே என் வாயிலிருந்து வந்தது.

"உன்னப் பாத்தா எனக்கு இன்னமும் பொறாமையாத்தான் இருக்கு."

அவள் தூக்குச்சட்டியைக் கையில் எடுத்தாள்.

"இருந்துட்டுப் போகட்டும்க்கா" என்றாள். "கத்திரிக்காப் புளிக்கொழம்பு. ஊத்தவா?"

டிபன் பாக்ஸை அவள் பக்கம் நகர்த்தினேன்.