ராடின் மேல் மூன்று கோடுகள்

வெள்ளிக்கிழமை காலை ஆறு நாற்பது. பட்டறை விளக்கைப் போட்டதும் முதலில் கண்ணில் பட்டவை, கனெக்டிங் ராடின் தண்டில் குறுக்காக ஓடிய மூன்று கோடுகள். மயிரிழை அளவுதான். கிரைண்டர் விட்டுப்போனவை.

பைக் என் அக்கா கணவர் பாவாவுடையது. சென்னைப் பக்கம் ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்காக இஞ்சினை மாற்றிக்கொண்டிருந்தேன். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் இந்த ராடைத் தேய்த்து எடை குறைத்தால் இஞ்சின் சீக்கிரம் வேகமெடுக்கும். தேய்த்த பிறகு எமரித் தாளால் நீளவாக்கில் இழுத்துக் குறுக்குக் கோடுகளை அழித்துவிட வேண்டும். விரிசல் அங்கேதான் பிறக்கும். பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் நான் சொல்வது இது.

எட்டிப் பார்த்த பாவா சிரித்தார்.

"இன்னாடா மச்சான், இன்னும் ராடையே பார்த்துகினு கீற? பொண்ணு பார்க்க வந்தியா?"

"கோடு போவல பாவா. ஒரு மணி நேரம் குடுங்க."

"பத்தரைக்கு ராகு காலம். குருக்கள் மலைக் கோயில்ல காத்துகினு இருப்பாரு. அதுக்குள்ள பூஜை போட்டாவணும், சொல்லிட்டேன்."

அப்போதே ராடை இஞ்சினில் பூட்டத் தொடங்கினால்தான் பத்து மணிக்குள் மலையேற முடியும். பூட்டினேன். அடுத்த வாரம் பிரித்துத் தேய்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எலுமிச்சம்பழத்தின் மேல் டயர் ஏறியபோது மணி பத்து இருபது.

அடுத்த வாரம், இஞ்சினைப் பிரிக்கட்டுமா என்று பாவாவிடம் கேட்டேன்.

"பூஜை போட்ட இஞ்சின உடனே பிரிப்பாங்களா? வேற வேல இருந்தா பாரு" என்றார். எதற்காகப் பிரிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொன்னால், தெரிந்தே பூட்டினேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

பத்தொன்பதாம் நாள் ஆர்.கே.பேட்டை சாலையில் ராடு முறிந்து இஞ்சின் கூட்டைத் துளைத்தது. எண்ணெய் பின்டயரில் கொட்டி, வண்டி சறுக்கியது. பாவாவின் இடது முழங்கால் நொறுங்கியது.

பைக்கை லோடு ஆட்டோவில் கொண்டுவந்து பிரித்தேன். முறிந்த முகத்தில் ஒரு பாதி வழவழப்பாக இருந்தது. விரிசல் பல நாள் மெல்லப் பரவிய இடம். மறு பாதி சொரசொரப்பு. கடைசியில் ஒரே நொடியில் உடைந்த இடம். வழவழப்பு, அந்த மூன்று கோடுகளில் நடுக்கோட்டிலிருந்து தொடங்கியிருந்தது.

ஆஸ்பத்திரியில் அக்கா அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். "மெதுவா போ, மெதுவா போன்னு எத்தினி வாட்டி சொன்னேன்? கேட்டியா?"

"ஆங், கேக்கல. தப்புதான், விடேன்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "மச்சான், இஞ்சின பிரிச்சியே. அதுல எதுனா கோளாறா?"

"ஒண்ணுமில்ல பாவா. நீங்க ரொம்ப முறுக்கிட்டீங்க."

அவர் தலையாட்டினார்.

பட்டறை வேலையோடு ஒரு நாளிதழுக்குத் தாலுகா செய்திகளும் அனுப்பிவந்தேன். அன்று மாலை இந்த விபத்தை ஐந்து வரியில் எழுதினேன். 'அதிவேகமே காரணம் எனக் கூறப்படுகிறது' என்று முடித்தேன். கூறியவன் நான் ஒருவன்தான்.

பாவாவால் இப்போதும் அந்தக் காலை முழுதாக மடக்க முடியாது. செய்தியை அக்கா கத்தரித்து பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தாள்.