பீரோவுக்கு எழுதிய பாட்டு

தமிழ்ச் சங்க விழா மலரின் ஒன்பதாம் பக்கத்தைப் படித்ததும் பட்டு மாமிக்கு வந்த கோபத்தில் பவானிபூர் மொத்தத்துக்கும் அடுப்பு மூட்டியிருக்கலாம். 'கொஞ்சம் பொறு: பாரம்பரியப் பாடல்' என்று அச்சாகியிருந்தது. எழுதினவள் எழுபத்தெட்டு வயதில், இரண்டு முட்டியும் தேய்ந்து, முழுசாக உயிரோடு உட்கார்ந்திருக்கிறாள். அதற்குள் பாரம்பரியமாம்! அடுத்த பக்கம் இன்னும் மோசம். சாயங்காலம் 'மூத்த ரசிகை' என்று அவளுக்குப் பொன்னாடை.

ரசிகையா?

துறைமுக ஆபீஸ் குமாஸ்தாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பட்டுதான், 1972-இல் சங்கத்தின் முதல் இசை நாடகத்தைப் போட்டவள். அதுவரை நாடகம் என்றால் நாலு ஆபீசர்கள் நாற்காலியில் உட்கார்ந்து மாமியாரைத் திட்டுவது. பட்டு பாட்டெழுதினாள், மெட்டுப் போட்டாள், நடிகர்களோடு சேர்த்து சோபா தூக்குகிறவனையும் மிரட்டினாள். மொத்தம் பதினோரு நாடகம். நோட்டீசில் மட்டும் எல்லாமே 'திருமதி ஸ்ரீனிவாசராகவன்'. பத்து வருஷத்தில் யாரோ அந்தத் 'திருமதி'யையும் தின்றுவிட்டார்கள். ஒரு சுரம்கூடத் தெரியாத அவள் வீட்டுக்காரரிடம், "என்னமா எழுதியிருக்கேள் சார்!" என்று கைகுலுக்கினார்கள். அந்த மனுஷரும் குலுக்கினார். இப்போது சுவரில் மாலையோடு தொங்குகிறார். பட்டு இன்னும் மன்னிக்கவில்லை.

கரியாஹாட்டில் இருந்த சங்க அரங்கத்துக்கு ஆட்டோ பிடித்தாள். "கீ ஹோலோ, மாஷிமா?" என்று வங்காளியில் என்ன ஆச்சு என விசாரித்த பாவத்துக்கு ஆட்டோக்காரனும் திட்டு வாங்கினான்.

அரங்கத்தில் சாயங்கால நாடகத்துக்கு ஒத்திகை. செயலாளர் ரமேஷ்பாபு ஓடி வந்தான்.

"மாமி, பழைய நோட்டீஸ்ல உங்க பேரே இல்லையே. எங்கம்மா இதைப் பாடித்தான் என்னைத் தூங்கப் பண்ணுவா. அப்போ பாரம்பரியம்தானே?"

"உன்னையும்தான் உங்கம்மா தூக்கிண்டு திரிஞ்சா. உன் பர்த் சர்டிபிகேட்லயும் பாரம்பரியம்னு போட்டுக்கறதுதானே?"

இயக்குநர் மதுவந்தி சமாதானத்துக்கு வந்தாள். "ஆன்ட்டி, 'கொஞ்சம் பொறு' மூணு தடவை வரதோன்னோ? அது மூணு காலம். ரொம்ப டீப்!"

"காலமும் இல்லை, கத்திரிக்காயும் இல்லை. அது பீரோடி!"

அந்த முதல் நாடகத்தில் திரை கிடையாது. காட்சி மாறும்போது எல்லோர் கண்ணெதிரேதான் சாமான் மேடையேற வேண்டும். பக்கவாசல் குறுகல். பச்சை இரும்பு பீரோ சிக்கிக்கொண்டது, கூட்டம் விசிலடித்தது. பீரோ நுழைய நேரம் கிடைக்கட்டும் என்று, அடுத்த நாளே அந்தப் பாட்டில் 'கொஞ்சம் பொறு' வரியை மூன்றாக்கினாள் பட்டு. அப்புறம் எந்தப் பாட்டையும் சாமானை அளக்காமல் அவள் எழுதியதில்லை.

பீரோ இன்னும் ஒப்பனை அறையில் துருப்பிடித்து நின்றது.

"தூக்குங்கோடா!"

"மாமி, என் முதுகு..." என்றான் கதாநாயகன் வருண்.

"நீ தூக்கு, முதுகு தானா வரும். மதுவந்தி, பாடு."

நாலு பேர் தூக்கினார்கள். இரண்டாம் சரணத்தில் பீரோ வாசலில் சிக்கியது. கொஞ்சம் பொறு: வலப்பக்கம் சாய்ந்தது. கொஞ்சம் பொறு: கால் நுழைந்தது. கொஞ்சம் பொறு: உடம்பு முழுசும் உள்ளே. கடைசிச் சொல்லோடு தொம்மென்று மேடையில் இறங்கியது.

மதுவந்தி தன் குறிப்பில் 'மூணு காலம்' என்றதை அடித்துவிட்டு 'பீரோ' என்று எழுதினாள்.

"ஐந்நூறு மலர் அச்சாயிடுத்தே மாமி," என்று முனகினான் ரமேஷ்பாபு.

"பேனா குடு."

பொன்னாடை வேண்டாமென்று சொல்லிவிட்டு, சாயங்காலம் நுழைவாயிலில் மேஜை போட்டு உட்கார்ந்தாள். வருகிறவர்கள் கையில் போகும் ஒவ்வொரு மலரிலும் ஒன்பதாம் பக்கம். 'பாரம்பரிய' என்பதை அடித்து, மேலே 'பட்டு' என்று எழுதினாள். நூறாவதில் விரல் வீங்கியது. கோபம் வற்றவில்லை.

ஒரு பெண் குனிந்து பார்த்தாள். "நீங்களா எழுதினது? என் பொண்ணும் இதுல தூங்கினவதான் மாமி."

"பீரோ தூக்க எழுதினா ஊரே தூங்கியிருக்கு!" உறுமினாள் பட்டு. "உன் பேரென்ன?"

"மிஸஸ் ராகவ்."

பேனா நின்றது.

"அவன் பேரை யார் கேட்டா? உன் பேரைச் சொல்லு."

"மீரா."

'மீராவுக்கு, பட்டு' என்று அந்த மலரில் மட்டும் நிதானமாக எழுதினாள். தலையைத் தூக்கி வரிசையைப் பார்த்துக் கத்தினாள்:

"எல்லாரும் அவாவா சொந்தப் பேரோட வாங்கோ!"