மானேஜரின் படம்

ஒரு நாற்காலியைக் கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டுபோய் நாலு குடம் தண்ணீர் விட்டுக் கழுவியதை நான் என் கண்ணால் பார்த்தேன். கழுவித் துடைத்து வெயிலில் சாய்த்து வைத்தார்கள். தேக்கு நாற்காலி, கைப்பிடியில் சிங்கத் தலை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தை நடத்திய மானேஜர் உட்காருகிற நாற்காலி அது. அன்று காலையில் அந்தப் பள்ளியின் டிராயிங் மாஸ்டர், அதாவது என் வீட்டுக்காரர், முற்றம் பெருக்குகிற பெண்ணை அதில் உட்கார வைத்து, அவள் முகத்தைப் பார்த்து வரையும்படி ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தார். செய்த குற்றம் அவ்வளவுதான். அப்போது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி. பத்மநாபபுரம் கோட்டைக்கு நடந்தே போய்வரக்கூடிய தூரத்தில் எங்கள் ஊர். நாற்காலியைக் கழுவச் சொன்னவரும், நாங்களும், அதில் உட்கார்ந்த அந்தப் பெண்ணும் ஒரே தேவாலயத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் பாடினோம்.

என் வீட்டுக்காரருக்கு இந்த வம்பு எங்கிருந்து ஒட்டியது என்றால், கப்பலில் இருந்துதான். பதினெட்டு வயதில் கொழும்புக்குப் போனவர், அங்கிருந்து ரங்கூன், பினாங்கு, கடைசியில் பம்பாய் என்று பதினான்கு வருஷம் சுற்றினார். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதினார், சோப்புப் பெட்டிக்குப் பெண் முகம் வரைந்தார். என்னைக் கட்டிக்கொண்டபோது அவர் கையில் ஒரு தகரப் பெட்டியும் நாலு பாஷையும் இருந்தன. ஊரூராகப் பார்த்தவர், தக்கலைச் சந்தையில் காய் வாங்கப் போனால் வழி தவறி வேறெங்கோ நிற்பார். திற்பரப்பு அருவிக்குக் கூட்டிக்கொண்டு போனால், தண்ணீரை வரையாமல் குளிக்கிறவர்களின் முதுகை மட்டும் வரைந்துகொண்டு வருவார். ரங்கூன் டிராமில் யார் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்பதை, ஏதோ உலக அதிசயத்தைச் சொல்வதுபோல எத்தனையோ தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் மற்றதெல்லாம் பெஞ்சும் ஸ்டூலும்தான். சாய்ந்து உட்கார்ந்தால்தான் கழுத்து தளரும், முகம் தெளியும் என்பது அவருடைய நம்பிக்கை. சாய்வதற்கு அந்த ஒரு நாற்காலிதான் இருந்தது.

மானேஜர் அவரைக் கூப்பிட்டு விசாரிக்கக்கூட இல்லை. மேஜையில் ஏதோ காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "நாளைக்கு முதல் வரண்டாம்" என்றாராம். தலை நிமிரவில்லை. முற்றம் பெருக்குகிறவளுக்கும் அன்றோடு வேலை போயிற்று. அவள் தேங்காய்த் தொண்டு அடிக்கும், அதாவது மட்டையைத் தட்டி நார் எடுக்கும், கூலி வேலைக்குப் போனாள். வீட்டுக்கு வந்த இவர் செருப்பைக் கழற்றியபடி ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "ஆறு வருசம் அங்க வேல பாத்தாச்சு. ஒரு வாட்டி எனக்க மொகத்தப் பாத்துச் சொல்லியிருந்தா போதும்ட்டி."

அவருக்குப் போதுமாக இருந்திருக்கலாம், எனக்குப் போதாது. அந்த மனிதர் தேவாலயத்தில் முன்வரிசையில் உட்காரும்போதெல்லாம் அவருடைய பிடரியை முறைத்துக்கொண்டே நான் பிரசங்கம் கேட்டேன். மன்னித்துவிடு என்றார் போதகர். முதலில் பழி வாங்கிக்கொள்கிறேன் ஐயா, பிறகு மன்னிக்கிறேன் என்றேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. இவரோ கடைப்பலகை எழுதினார், குடையில் பெயர் எழுதினார், செத்தவர்களை வரைந்தார். அந்தக் காலத்தில் போட்டோ இல்லாமலே போய்ச்சேர்ந்தவர்கள்தான் அதிகம். பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைப் பென்சிலால் எடுத்துக்கொள்வார். பிறகு அந்த வீட்டில் யாருக்கு அதே கண் வாய்த்திருக்கிறது என்று கேட்டு, அந்த ஆளை எதிரே உட்கார வைத்து, படத்தில் கண்ணைத் திறந்துவிடுவார். படத்தை மூடிய துணியை விலக்கியதும் வீட்டார் ஓவென்று அழுவார்கள். இந்தத் தொழிலை அவர் பினாங்கில் கற்றார். ஊர் திரும்பாமலே செத்த வியாபாரிகளின் முகங்களை வரைந்து அவர்கள் வீடுகளுக்கு அனுப்பிய காலம் அது.

முப்பதுகளின் நடுவில் மானேஜர் செத்தார். செத்தார் என்றுதான் எழுதுவேன், காலமானார் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று பயந்தவர் அவர். மகள் கல்யாணத்துக்கு நாகர்கோவிலிலிருந்து போட்டோக்காரன் வந்தபோது அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம். அதனால் அவருடைய மூத்த மகன் எங்கள் வாசலில் வந்து நின்றான்.

"சாரே, அப்பாக்க மொகம் ஒண்ணு வேணும். இனி பள்ளிக்கூடம் எனக்க பொறுப்பாக்கும். படம் நல்லா வந்தா பழைய வேல உங்களுக்குத்தான்."

இத்தனை வருஷம் நான் மனதுக்குள் அந்த முகத்துக்கு ஆட்டுத்தாடி ஒட்டியிருக்கிறேன், மாறுகண் வைத்திருக்கிறேன். ஆனால் வீட்டில் மூன்று பிள்ளைகள். பழைய வேலை என்ற சொல் காதில் விழுந்ததும் என் கோபம் வாலைச் சுருட்டிக்கொண்டது. "நல்லா வரையுங்க, கேட்டியளா? கண்ணு நல்லா வரட்டு" என்று நானே கெஞ்சினேன். "உள்ளத வரைவேன்" என்றார் இவர்.

நானும் கூடப் போனேன். பெட்டிக்குள் கிடந்த மானேஜரின் முகத்தை இவர் இரண்டு மணி நேரம் விடாமல் பார்த்தார். பிறகு மூன்று வாரம் வீட்டில் எண்ணெய்ச் சாயத்தின் வாடைதான். நெற்றி வந்தது, மீசை வந்தது, மூக்கோரத்து மச்சம் வந்தது, சட்டையின் தங்கப் பொத்தான்கள்கூட வந்தன. மகனுக்கு அப்பனின் கண் அப்படியே என்று ஊரில் சொல்வார்கள். ஆனால் இவர் அவனை ஒரு நாளும் கூப்பிட்டு அனுப்பவில்லை. முடிக்கிற அன்று என்னைக் கிட்டே விடவில்லை.

நினைவு ஜெபத்துக்கு ஊரே வந்திருந்தது. போதகர் துணியை விலக்கினார். உயிரோடு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதைப் போலத்தான் இருந்தார் மானேஜர். ஆனால் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"கண்ணு எங்க சாரே?" என்றான் மகன்.

"அத நான் கண்டதில்லியே" என்றார் இவர். குரலை உயர்த்தவே இல்லை. "ஒரு நாளு கூட உங்க அப்பா என்ன நிமிந்து பாத்ததில்ல. காணாத கண்ண எப்பிடி வரைய?"

"எனக்க கண்ணப் பாத்து வரையலாமே! எல்லா வீட்டுலயும் அப்பிடித்தானே செய்வீங்க?"

"உங்களுக்க கண்ணு ஆளப் பாக்குத கண்ணு. அத அங்க கொண்டு வைக்க முடியாது."

வேலை போயிற்று என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. மகன் படத்தைக் கழற்ற ஆளைக் கூப்பிட்டான். பெண்களின் நடுவே பாயில் உட்கார்ந்திருந்த மானேஜரின் மனைவி அப்போது எழுந்து வந்தாள். படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"எறக்காண்டாம்" என்றாள். "முப்பத்தஞ்சு வருசம் இவியளுக்குச் சோறு வெளம்பினேன். அந்தக் கண்ணு என்ன நெறம்ணு கேட்டா எனக்குந் தெரியாது மக்களே. இங்கேயே இரிக்கட்டு."

படத்தைக் கழற்ற வந்த ஆள் திரும்பிப் போனான். திரும்பி வரும் வழியில் பாதித் தூரம் இவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். மீதித் தூரம் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஊரெல்லாம் கேட்கப் பழி பழி என்று கத்திய நான் ஒரு வேலைக்காக அதை விட்டுக்கொடுத்தேன். ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காதவர் என்று பெயரெடுத்த மனுஷன் அதைச் செய்து முடித்துவிட்டார். மறுநாள் தொண்டு அடிக்கும் இடத்துக்குப் போய், முற்றம் பெருக்கிய அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். "படம் அங்கயேதான் தொங்குதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "கொள்ளாம், நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த மட்டையை எடுத்துக்கொண்டாள்.

இன்று அவளும் இல்லை, இவரும் இல்லை, படத்தை இறக்கவிடாத அந்த அம்மாளும் இல்லை. படம் மட்டும் இருக்கிறது. போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். மானேஜரின் பேரன், பட்டணத்துச் சம்பந்திகளுக்கு அதைக் காட்டிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்: "தாத்தா பெரிய ஜெபவீரர். அவர் ஜெபத்தில் இருக்கும்போது வரைந்த படம் இது." சம்பந்திகள் பக்தியோடு தலையாட்டினார்கள். எனக்கு எண்பது வயதாகிறது, சபையில் சண்டை போடத் தெம்பில்லை. வீட்டுக்கு வந்து காகிதத்தை எடுத்தேன். அந்தப் பேரனுக்கு வாசிக்கத் தெரியும்.