பதினெட்டுப் பேரில் இல்லாத பூட்டு

வியாழக்கிழமை பிராக்டிஸ் முடிந்து உடை மாற்றும் அறைக்குள் நுழைந்தபோது, கால்பந்து இறுதிப்போட்டிக்கான பட்டியல் சுவரில் ஒட்டியிருந்தது. பதினெட்டுப் பெயர்கள். பூட்டு மேலிருந்து கீழே படித்தார். பிறகு கீழிருந்து மேலே படித்தார். எப்படிப் படித்தாலும் அவர் பெயர் இல்லை.

பூட்டு என்பது பட்டப்பெயர். டிஃபென்ஸில் அவரைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவது லேசுப்பட்ட காரியம் இல்லை என்பதால், சேர்ந்த முதல் வருடமே யாரோ அப்படிக் கூப்பிட, அதுவே ஒட்டிக்கொண்டது. பகலில் லிஃப்ட் மெக்கானிக், சாயங்காலம் மைதானம் என்று பதினாறு வருடம் ஓடிவிட்டது. இரண்டு பெரிய அணிகள் கூப்பிட்டும் போகவில்லை. அந்தப் பதினாறு வருடத்தில் அவருடைய அணி இறுதிப்போட்டிக்கு வருவது இதுதான் முதல் தடவை. அவருக்கு வயது முப்பத்தெட்டு. இன்னொரு இறுதிப்போட்டி வருகிறவரை தன் கால் தாங்காது என்று அவருக்கே தெரியும்.

நேராகக் கோச்சின் அறைக்குப் போனார்.

"உங்க முட்டிக்கு ஓய்வு வேணும்ணே," என்றார் கோச், காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எந்த முட்டி?"

கோச் ஒரு விநாடி தடுமாறினார். "இடது."

"போன வருஷம் எனக்கு வலிச்சது வலது."

"ரெண்டுமேதான்ணே. வயசுன்னு ஒண்ணு இருக்குல்ல."

பூட்டு வெளியே வந்தார். உடை மாற்றும் அறையில் அதுவரை கேட்ட பேச்சுச் சத்தம் சட்டென்று நின்றது. ஒருவன் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தான். அதை அவன் ஏற்கெனவே அவிழ்த்திருந்தான். இன்னொருவன் குழாயைத் திறந்துவிட்டுக் கையை நனைக்காமல் நின்றான். கோல்கீப்பர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "எனக்கு அவசரம் மாமா," என்று பக்கத்தில்கூட வராமல் நழுவினான். கோல்கீப்பர் வேறு யாருமில்லை, பூட்டின் மனைவியுடைய தம்பி. அவனை இந்த அணிக்குக் கூட்டிவந்ததே பூட்டுதான்.

வழியெல்லாம் பூட்டின் மனம் ஒவ்வொருவனாகப் பிடித்துக் கேள்வி கேட்டது. கேப்டன் செவ்வாய்க்கிழமை ஏன் தன்னைப் பார்த்ததும் போனை வைத்தான்? அணியின் செயலாளர் ஏன் இரண்டு வாரமாக 'வாங்க, போங்க' என்று மரியாதை கூட்டிப் பேசுகிறார்? யாரோ தன்னைப் பற்றி வத்தி வைத்திருக்கிறார்கள். யார்?

வீட்டில் மனைவி அவருடைய நீலச் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் பெட்டியை ஓரமாக நிமிர்த்தி வைத்துவிட்டுத் தம்பிக்குப் போன் போட்டாள்.

"உங்க மாமாவை ஏன்டா டீம்லேர்ந்து எடுத்தாங்க?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா."

"தெரியாதவன் ஏன்டா இப்படி மென்னு முழுங்குறே? சொல்றியா, நான் நேர்ல வரட்டுமா?"

அக்கா நேரில் வந்தால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். மெல்ல மெல்லக் கக்கினான். இறுதிப்போட்டியில் எதிரில் வரப்போகிற அணியோடு போன மாதம் ஆடினார்கள் அல்லவா? கார்னர் அடிக்கும்போதெல்லாம் பந்து எங்கே விழப்போகிறதோ அங்கே அவர்கள் முன்கூட்டியே போய் நின்றார்கள். பந்து எந்தப் பக்கம் போகும் என்று காட்டும் இவர்களுடைய கைச்சைகைகள் அவர்களுக்கு அத்துப்படி. அந்தச் சைகைகளை உண்டாக்கியவர் பூட்டு. அதற்கு முந்தின வாரம் பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் அந்த அணியின் கோச்சோடு பூட்டு உட்கார்ந்திருந்ததைச் செயலாளர் பார்த்திருக்கிறார். இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

மனைவி போனை வைத்துவிட்டுக் கேட்டாள்: "டீக்கடையில உட்காந்தது நிஜமா?"

"நிஜம்தான். அவன் ஒரு காலத்துல என்கூட ஆடுனவன். அடுத்த வருஷம் அவங்க பசங்களுக்குப் பயிற்சி கொடுக்க வர்றியான்னு கேட்டான். மாட்டேன்னுட்டேன்."

"என்கிட்ட சொல்லலையே?"

"மாட்டேன்னு சொன்னதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சட்டைக் காலரை மறுபடி தேய்த்தாள். அது அவருக்குச் சுருக்கென்றது. இவளுமா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்பெனியிலிருந்து ஒரு வேலை வந்தது. மைதானத்துக்கு அடுத்த தெருவில் இருக்கும் ஆறுமாடித் துணிக் கிடங்கில் லிஃப்ட் நான்காவது மாடியில் நின்றுவிட்டதாம். பூட்டு கருவிப் பையோடு படியேறினார். நான்காவது மாடி வளைவில் ஒரு பெரிய ஜன்னல். ஜன்னலோரம் ஒருவர் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் நோட்டு, கையில் பென்சில். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியும். எதிரணி கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர் அவர். எத்தனையோ ஆட்டங்களில் கைகுலுக்கியவர்கள்.

பூட்டு ஜன்னலை எட்டிப் பார்த்தார். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் மொத்த மைதானமும் தட்டில் வைத்தது போலத் தெரிந்தது. கீழே கேப்டன் கார்னர் கொடிக்குப் பக்கத்தில் நின்று இடது கையைத் தூக்கினான்.

"இது எத்தனை நாளா?" என்றார் பூட்டு.

நோட்டுக்காரர் அசடு வழிந்தார். "ரெண்டு மாசமா வர்றேன். வாட்ச்மேன் நம்ம சொந்தக்காரர்தான்." பிறகு நிஜமாகவே புரியாமல் கேட்டார்: "நேத்து வரைக்கும் கீழே ஆடிட்டிருந்தீங்க. இன்னிக்கு ஏன் இல்லேன்னுதான் நானும் யோசிச்சுக்கிட்டிருக்கேன். அடிபட்டிருச்சா?"

சிரிப்பதா, அவர் சட்டையைப் பிடிப்பதா என்று பூட்டுக்குத் தெரியவில்லை. லிஃப்ட் கதவின் தேய்ந்த உருளையை மாற்றினார். மேலும் கீழும் மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். வேலையைப் பாதியில் விட்டுப் போகிற பழக்கம் அவருக்கு இல்லை. அதற்குள் முக்காலி காலியாகியிருந்தது.

கிரீஸ் கறையோடு மைதானத்துக்குள் போனார். ஓடிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள்.

"என்னோட வாங்க," என்று கோச்சை அழைத்துப்போய் அந்த ஜன்னலருகே நிறுத்தினார். வாட்ச்மேனையும் வரவழைத்து, நோட்டுக்காரர் இரண்டு மாதமாக வந்துபோனதைச் சொல்ல வைத்தார். கோச்சின் முகம் செத்துவிட்டது.

"நான் தப்புப் பண்ணிட்டேன்ணே."

"பட்டியலை மாத்துங்க."

"நேத்தே லீக் ஆபீசுக்குப் போயிடுச்சு. அடிபட்டதா டாக்டர் எழுதிக் கொடுத்தாத்தான் ஒருத்தரை எடுத்து இன்னொருத்தரைப் போட முடியும்."

யாருக்காவது அடிபட்டதாகப் பொய்ச் சான்றிதழ் வாங்கலாம் என்று கோச் இழுத்தார். பூட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு பொய்யாலதான் நான் வெளியே நிக்கிறேன். இன்னொரு பொய்யால உள்ள வர மாட்டேன்." அன்றும் மறுநாளும் வேறொரு உள்ளரங்கில் வைத்து அணிக்குப் புதுச் சைகைகள் சொல்லிக்கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை மனைவியோடு கோலுக்குப் பின்னால் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். முதல் கார்னரில் எதிரணி மொத்தமும் வலப்பக்கம் ஓடியது. பந்து இடப்பக்கம் போனது. கோல் விழவில்லை, ஆனால் அவர்கள் திருதிருவென்று விழித்தது பூட்டுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆட்டம் சமனில் முடிந்து பெனால்டிக்குப் போனது. கடைசி உதையை மைத்துனன் பாய்ந்து தடுத்தான். கோப்பை இவர்களுக்கு. மனைவி துள்ளி எழுந்து கத்தினாள். பூட்டும் எழுந்து கைதட்டினார். உள்ளங்கை சிவக்கத் தட்டியும் நெஞ்சுக்குள் ஒன்றும் ஏறவில்லை.

கூட்டம் கலைந்தபின் மைத்துனன் வேலியோரம் வந்தான். பதக்கத்தைக் கழற்றி நீட்டினான். "இது உங்களுக்குத்தான் மாமா."

"வேண்டாம். ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. நீ நம்புனியா?"

மைத்துனன் அக்காவைப் பார்த்தான். அவள் உதவிக்கு வரவில்லை.

"ரெண்டு வாரம் நம்புனேன் மாமா."

பூட்டு தலையாட்டினார். "போ, போட்டோ எடுக்கக் கூப்பிடுறாங்க."

திரும்பும் வழியில் மனைவி கேட்காமலே சொன்னாள்: "நான் நம்பல. டீக்கடை விஷயத்தை என்கிட்ட மறைச்சீங்களேன்னு கோவம். அவ்வளவுதான்." அவர் அதை நம்ப முடிவு செய்தார். அதற்கே கொஞ்சம் பாடுபட வேண்டியிருந்தது.

அடுத்த சீசனுக்கு அணி அவரைக் கூப்பிட்டது. போனார். ஆனால் இருவர் தாழ்ந்த குரலில் பேசினால் காது தானாக அந்தப் பக்கம் போனது. பந்தைப் பார்க்க வேண்டிய கண் ஆட்களைப் பார்த்தது. இரண்டு மாதத்தில், யாரையும் குறை சொல்லாமல், விலகிக்கொண்டார். அந்தப் பயிற்சி வேலையைக் கேட்டு டீக்கடைப் பக்கமும் போகவில்லை. மைத்துனன் இப்போதும் வீட்டுக்கு வருகிறான். வேலை, வாடகை, பிள்ளைகள் படிப்பு என்று எல்லாம் பேசுகிறார்கள். கால்பந்து மட்டும் பேசுவதில்லை.