வெள்வேல மரத்தில் சிவப்புக் குறி

வெட்டக் கூடாத மரத்தை, தெரிந்தே வெட்டச் சொன்னேன். இதுதான் என் குற்றம்.

நான் ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை. ராசிபுரம் பக்கத்தில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னே ஒரு புறம்போக்கு நிலம், சீமைக்கருவேலம் மண்டி, புல்கூட முளைக்காமல் கிடந்தது. அதை அகற்றினால் பறவைகள் திரும்பும் என்று கூட்டம் கூட்டிப் பேசியவள் நான். எடுக்க வேண்டிய மரங்களுக்குச் சிவப்புப் பெயிண்டால் குறி போட்டவளும் நானே.

கடைசி வரிசைக்கு வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. கொடி சுற்றிய ஒரு தண்டுக்கு, அண்ணாந்து பார்க்காமலே குறி போட்டேன். பார்த்திருக்கலாம்... பார்க்கவில்லை.

மறுநாள் ஜேசிபி வந்தது. குடியிருப்பே வேடிக்கை பார்க்க நின்றது. அங்கே ஆடு மேய்க்கும் பாவாயி ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

“ஏனுங்க டீச்சர், இது சீமை இல்லீங்க. நம்மூரு வெள்ளவேலா மரமுங்க. இதோட காய்தான் என் ஆட்டுக்குத் தீனி. உள்ள குருவிக் கூடு வேற இருக்குதுங்க!”

அப்போதுதான் அண்ணாந்து பார்த்தேன். வெளிறிய பட்டை. உருண்டை உருண்டையாகப் பூ. சீமைக்கருவேலத்தின் பூவோ கதிர்போல் நீண்டிருக்கும்... வகுப்பில் எத்தனை முறை சொல்லிக்கொடுத்த வேறுபாடு!

எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். என் பழைய மாணவிகளும் அதில் இருந்தார்கள்.

“முப்பது வருசம் பாடம் நடத்தியிருக்கேன், பாவாயி. எனக்குத் தெரியாதா?”

“எடுத்தரலாமுங்களா?” என்றார் ஜேசிபி ஓட்டுநர்.

“எடுங்க.”

மரம் சாய்ந்தது. மூன்று குஞ்சுகளைப் பாவாயி முந்தானையில் ஏந்திப் போனாள். பொழுது சாய்வதற்குள் செத்துப்போயின என்று பிறகு சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை, செய்தியாகச் சொன்னாள்.

நிலம் இன்று நன்றாகத்தான் இருக்கிறது. புல் வந்துவிட்டது, கௌதாரி கூப்பிடுகிறது. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வாங்கிக்கொண்டேன். ஒரு மரம்தானே என்பீர்கள்... நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன், போன வாரம் வரையில்.

போன வாரம் பாவாயி கைநிறையக் கன்றுகளோடு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“நீங்க சொன்னதுதான் செரிங்க டீச்சர். நாந்தான் படிக்காதவ, இத்தன நாளா இத வெள்ளவேலான்னு நெனச்சுட்டிருந்தனுங்க. ஏரிக்கரையில மொளச்ச சீமக் கன்ன எல்லாம் நானே புடுங்கிப்போட்டனுங்க!”

வாங்கிப் பார்த்தேன். அத்தனையும் வெள்வேலம். வேரில் ஈரம் காயவில்லை. உடனே நட்டிருந்தால் சில பிழைத்திருக்கும். அதற்கு நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

“நல்லது, பாவாயி” என்றேன்.

இன்று காலையும் அவள் ஏரிக்கரைக்குப் போனாள். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.