நைனாவுக்கு மெத்தென்று நாலு சப்பாத்தி

போன வாரம் என் மனைவி செல்போனைத் தட்டிப் பத்து நிமிடத்தில் ஒரு பாக்கெட் சப்பாத்தி வரவழைத்தாள். முக்கால் வேக்காட்டில் இருப்பது. கல்லில் போட்டு இரண்டு பக்கமும் திருப்பினால் போதும். வானகரத்தில் ஒன்பதாவது மாடியில் குடியிருப்பவர்களுக்கு இதெல்லாம் ஒரு சௌகரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் கோதுமை லேசாகக் கருகும் அந்த வாசனை வந்ததும் எனக்குச் சீயக்காய் ஞாபகம் வந்தது. ஏன் என்று சொல்கிறேன், சிரிக்காமல் கேளுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் செல்வராஜும் கள்ளிக்குப்பத்தில் ஒரு மாடி ரூமில் இருந்தோம். இருவருக்கும் அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, இருவருக்கும் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகாத பையன்களுக்கு வீடு கொடுக்க எவ்வளவு யோசிப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஏழு வீட்டில் கதவைச் சாத்திய பிறகு எட்டாவதாகக் கிடைத்தது அந்த ரூம். கீழே வீட்டுக்காரர். அந்தத் தெருவே ஒரு காலத்தில் அவர் குடும்பத்து நெல் வயலாம். எல்லோரும் நைனா என்றுதான் கூப்பிடுவார்கள், அந்தப் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் சொல்வார்கள். அவர் மனைவி எங்களுக்குக் கஸ்தூரி அக்கா. புருஷன் நைனா, பெண்டாட்டி அக்கா. உறவுமுறை எங்கேயோ இடிக்கிறது என்று செல்வராஜ் அடிக்கடி சொல்வான். வீடு கிடைத்த சந்தோஷத்தில் நாங்கள் அதை ஆராயவில்லை.

நைனாவுக்குச் சர்க்கரை. ராத்திரிக்குச் சோறு கூடாது, சப்பாத்திதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போதாததற்கு மேல் வரிசைப் பல்லெல்லாம் எடுத்துப் புதிதாகப் பல்செட் மாட்டியிருந்தார். சப்பாத்தி கொஞ்சம் விறைத்தாலும் செட் கழன்று கைக்கு வந்துவிடும். இந்த நிலைமையில் மகளின் பிரசவத்துக்காக அக்கா மூன்று மாதம் வேலூர் போகவேண்டி வந்தது. பையை மாடிப்படியில் வைத்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார்.

"தோ பாருங்கபா. ராத்திரிக்கு நைனாவுக்கு மெத்துனு நாலு சப்பாத்தி போட்டுக் குடுக்கணும். நான் திரும்பி வரசொல்ல அவருக்கு சுகரு ஏறிக்கினு இருந்துச்சுன்னா, நீங்க ஊட்ட காலி பண்ணிக்கினு போய்டணும். சரியா?"

சரி என்றோம். எங்கள் இருவருக்கும் சமையலில் தெரிந்தது வெந்நீர் மட்டும்.

அக்கா ஒரு டின் நிறையக் கோதுமை கழுவிக் காயவைத்துவிட்டுப் போயிருந்தார். பஸ் ஸ்டாப் பக்கத்து மாவு மில்லில் போய் அரைக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் ஒரு மெஷின் முன்னால் பதினைந்து டின் வரிசை. பக்கத்து மெஷினோ சும்மா ஓய்ந்து கிடக்கிறது. படித்த பையன்கள் இல்லையா, கூட்டம் இல்லாத பக்கம்தானே போவோம். மில்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.

"இதுலயா?"

"ஆமாண்ணே, சும்மாதானே கிடக்கு."

தோளைக் குலுக்கிவிட்டு அரைத்துக் கொடுத்தார். வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். எங்கள் சாமர்த்தியத்தை வியக்கிறார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டோம். அது சீயக்காய் மெஷின்.

அன்று இரவு நைனா ஒரு வாய் பிட்டுப் போட்டு, வெகுநேரம் மென்று, விழுங்கினார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"எண்ண தேச்சிக்கினு வந்து துன்னா கரீட்டா இருக்கும்பா" என்றார்.

அப்புறம் நல்ல மாவு அரைத்தோம். ஆனால் மெத்தென்று வரவில்லை. வெந்நீர் விட்டுப் பிசைந்தோம், பால் விட்டோம், தயிர் விட்டோம், செல்வராஜ் ஒரு நாள் வாழைப்பழத்தைக்கூட விட்டு வைக்கவில்லை. எல்லாம் அப்பளம். நைனா பல்செட்டைக் கழற்றித் தட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சப்பாத்தியைக் குழம்பில் ஊறப்போட்டுச் சாப்பிட்டார். பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது, காலி செய்யவேண்டிய வீட்டை நினைத்தால் அதைவிடப் பாவமாக இருந்தது.

ஒரு சாயங்காலம் மாவைப் பிசைந்து முடித்த நேரம் கரண்ட் போயிற்று. ஈரத்துணியைப் போட்டு மூடிவிட்டு மொட்டைமாடியில் போய் உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் கழித்து வந்து தேய்த்துப் போட்டால், கல்லில் அது தானாக உப்புகிறது. மாவை ஊறவிடவேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம். இதற்காகப் பாலும் பழமும் வீணாகியிருக்கிறது. நைனா பல்செட்டைக் கழற்றாமலே நாலு சாப்பிட்டார். "மெத்துனு கீதுபா" என்றார். பரீட்சையில் பாஸான அன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்தான். பஸ் ஸ்டாப் மெஸ்ஸில் பார்சல் வாங்கப் போனோம். உள்ளே மூலை பெஞ்சில் நைனா. எதிரே இலை நிறையச் சோறு, மட்டன் குழம்பு. எங்கள் சப்பாத்தி நாலையும் சாப்பிட்டுவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறார்.

எங்களைப் பார்த்துக் கையை மறைக்கவில்லை. பிசைந்துகொண்டே சொன்னார்: "சப்பாத்தி நல்லாத்தாம்பா கீது. பசி அடங்குது. மன்சு அடங்கல. அக்காகிட்ட சொல்லிடாதீங்க."

நாங்கள் சொல்லவில்லை. எவ்வளவோ கெஞ்சினோம், வாரத்தில் ஒரு நாள் என்று குறைத்துக்கொண்டார். குறைத்ததாகச் சொன்னார்.

அக்கா வந்தார். மறுநாளே ரத்தப் பரிசோதனை. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்களை வரிசையாக நிற்க வைத்தார். நைனாவையும்.

"இவ்ளோ ஏறிக் கீது. இன்னா போட்டீங்க இவருக்கு?"

நைனா என்னைப் பார்த்தார். செல்வராஜ் ஃபேனைப் பார்த்தான். எனக்கு மறுபடி ஏழு வீட்டுக் கதவும் கண்ணில் தெரிந்தது. ஆனாலும் வாயில் வந்தது வேறு.

"மெத்துன்னு வரணும்னு மாவுல ரெண்டு ஸ்பூன் சீனி போட்டோம்க்கா."

"அப்போ மாசக் கடசில காலி பண்ணிக்கோங்க" என்று அக்கா உள்ளே திரும்பினார்.

"தே, நில்லு" என்றார் நைனா. "பசங்க மேல தப்பு இல்ல. நாந்தான் மெஸ்ஸுல சோறு துன்னேன்."

அக்கா திரும்பவேயில்லை. "தெரியும். வேலூருக்குப் போன் போட்டு மெஸ்காரன் பொஞ்சாதியே சொல்ட்டா. உன் வாய்லேர்ந்து வருதான்னு பாத்தேன்."

அந்த ரூமில் இன்னும் நாலு வருஷம் இருந்தோம். தினமும் ராத்திரி நாலு பேருக்கும் சேர்த்து நான்தான் மாவு பிசைவேன். அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து நைனாவின் தட்டைக் காவல் காப்பார்.

மில் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. மெஸ் இல்லை. அந்த வீட்டை இடித்து நாலு மாடி கட்டிவிட்டார்கள். போன வருஷம் நைனாவும் போய்விட்டார். காரியத்தன்று நானும் செல்வராஜும் போயிருந்தோம். படத்துக்கு முன்னால் பெரிய தலைவாழை இலை, மலையாகச் சோறு, மட்டன் குழம்பு. இலையில் எங்கேயும் சப்பாத்தி இல்லை. நான் தேடுவதை அக்கா கவனித்துவிட்டார்.

"வாணாம்பா" என்றார். "பதினஞ்சு வருசமா கைய புடிச்சி புடிச்சி தடுத்தேன். துன்னட்டும்."

கரண்டியை எடுத்து இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார்.