பாய்க்குள் போன கிதார்

என் கணவன் லெம்ராபோட்டின் அங்கிப் பையில் அந்தத் தண்டு கிடைத்த அன்றே என் நிம்மதி போயிற்று. மின்கிதாரின் வயிற்றில் துருத்திக்கொண்டிருக்கும் ட்ரெமோலோ தண்டு அது. அழுத்தினால் சுரம் குழையும். அதன் முனையில் இருந்த மரையை யாரோ அரத்தால் ராவி வழவழவென்று ஆக்கியிருந்தார்கள்.

லெம்ராபோட் நுவாக்சோட் மீன்துறைமுகத்தில் ஐஸ் மெஷின் ரிப்பேர் செய்பவன். கல்யாணங்களில் நான் பாடுவேன், அவன் வாசிப்பான். பத்து வருடமாகக் கிதாரை உறைகூட இல்லாமல் தோளில் மாட்டிக்கொண்டு, ஊரே பார்க்கட்டும் என்று நடந்தவன். சோற்றில் உப்பு இல்லாவிட்டாலும் வாய் திறக்கமாட்டான். பொய் சொன்னால் காது சிவந்துவிடும். அவனுக்கு என்ன ரகசியம் வேண்டிக்கிடக்கிறது?

மார்க்கெட்டில் கிதார் பழுதுபார்க்கும் யஹ்தீயிடம் போய் நின்றேன்.

"அவன்தான் மரையத் தேய்க்கச் சொன்னான்க்கா. சுத்திச் சுத்திக் கழட்ட நேரமில்லையாம், ஒரே இழுப்புல வரணுமாம். வாசிக்கறப்ப ஆடாம இருக்க, பக்கத்துல ஒரு குட்டித் திருகு வச்சிருக்கேன்."

"எதுக்காம் அவ்வளவு அவசரம்?"

"பாய்க்குள்ள சுருட்டி எடுத்துட்டுப் போகணுமாம். தண்டு நீட்டிக்கிட்டிருந்தா கிதார்னு காட்டிக் குடுத்துடுதாம்." சிரித்தான். "எதுக்கும் பாத்துக்கக்கா. எங்க மாமாவும் இப்படித்தான் வியாழக்கிழமையானா பாயோட கிளம்புவாரு. செத்தப்புறம் இன்னொரு பொண்டாட்டி வந்து நின்னா."

ரகசியக் கல்யாணம் எங்கள் ஊரில் புதிதல்ல. இரண்டு சாட்சி, அவர்கள் வாய்க்கு ஒரு பூட்டு, முடிந்தது. இவனும் வியாழக்கிழமைதான் வெளியூர் வேலை என்று போகிறான். எங்களில் தேநீர் என்றால் மூன்று கிளாஸ்; அன்று மூன்றாவதற்குக்கூட உட்காருவதில்லை. ஒருநாள் போனில் குசுகுசுத்தது காதில் விழுந்தது: "போன வாரம் அழுதாங்களா?" அழுகிறாளாம்! அவளுக்கு மரியாதை வேறு! உண்மை என்று தெரிந்தால் அன்றே விவாகரத்து கேட்பதென்று முடிவு செய்தேன்.

அடுத்த வியாழன் அவன் ஏறிய வண்டிக்குப் பின்னாலேயே வந்த வண்டியில், முக்காட்டைக் கண்வரை இழுத்துவிட்டு ஏறினேன். பூட்டிலிமிட்டில் இறங்கினான். என் அம்மாவின் ஊர். பாயைக் கக்கத்தில் இடுக்கியபடி ஆட்டு வியாபாரி வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டான். அந்த வீட்டுக்கும் என் அம்மா வீட்டுக்கும் ஒரே சுவர். என் அம்மா காதுக்கெட்டும் தூரத்திலேயா குடித்தனம்? இந்தப் பக்கமாகச் சுவரேறிக் குதித்தாவது பிடிப்பது என்று அம்மாவிடம் ஓடினேன்.

அம்மா யாழ் வாசித்தவள். பக்கவாதம் வந்து வலது கை விழுந்து இரண்டு வருடமாகப் படுக்கை. எங்கள் மருமகன்களின் மரியாதைப்படி லெம்ராபோட் இன்றுவரை அவளுக்கு முழு முகம் காட்டியதில்லை, அவள் முன் ஒரு வாய் உண்டதில்லை. மாமியார் காதுபடக் கிதாரை மீட்டும் மருமகனை எங்களில் வெட்கம் கெட்டவன் என்பார்கள்.

"அம்மா, சுவருக்கு அந்தப் பக்கம்..."

"ஸ்ஸ். வாய மூடுடி. ஆரம்பிக்கப் போறான்."

"யாரு?"

"யாரோ. ஆட்டுக்காரன் வீட்டு விருந்தாளி."

கிதார் எழுந்தது. அம்மா ஒருகாலத்தில் யாழில் வாசித்த அதே மெட்டு. ஒவ்வொரு அடியின் கடைசியிலும் சுரம் மெல்லக் குழைந்து இறங்கியது. அப்படிக் குழைக்க எனக்குத் தெரிந்து ஒருவன்தான் இருக்கிறான். அம்மாவின் இடது கை போர்வையின் மேல் இல்லாத நரம்புகளை மீட்டிக்கொண்டிருந்தது. கண்ணீர் காதுக்குள் வழிந்தது, துடைக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

"அம்மா, அது யாருன்னு உனக்கு..."

"எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. தெரியும்னு தெரிஞ்சா அவன் வெட்கத்துல செத்துடுவான். அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டான். எனக்கு வேற என்னடி இருக்கு?"

அவன் கண்ணில் படாமல் ஊர் திரும்பினேன். மறுநாள் அவன் வந்து பாயை மூலையில் சாத்தினான். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத் தோன்றியது. ஆனால் எனக்குத்தான் எதுவும் தெரியாதே. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

"எவ அவ? சொல்லு!"

"யாருமில்ல தெஸ்லெம். வேலைதான்."

"அடுத்த வியாழனும் போவியா?"

தலையைக் குனிந்துகொண்டான். "போகணும்."

"போய்த் தொலை!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.